யதார்த்தம் என்னும் முத்திரை: வட சென்னைத் திரைப்படங்களும் தமிழ் விமர்சனத்தின் சொற்களும்

1. கேள்வி

'மெட்ராஸ்' (2014), 'வட சென்னை' (2018), 'சார்பட்டா பரம்பரை' (2021) ஆகிய படங்களுக்குத் தமிழில் எழுதப்பட்ட விமர்சனங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரே சொற்குடும்பம் எல்லாவற்றிலும் புழங்குவது தெரியும். யதார்த்தம் அதன் தலைச்சொல். மண்ணின் மணம், ரத்தமும் சதையுமான மனிதர்கள், அசலான வாழ்வியல், நடிக்கவில்லை வாழ்ந்திருக்கிறார் என்பவை அதன் கிளைகள். பாராட்டுவதற்கு இவைதான், யதார்த்தத்தை மீறிவிட்டது என்று குறை சொல்வதற்கும் இவைதான். ஆனால் அந்த மூன்று படங்களும் கதையிலும் காலத்திலும் அரசியலிலும் வெகுவாக வேறுபட்டவை. ஒன்று வியாசர்பாடிக் குடியிருப்பின் ஒரு சுவரைப் பற்றியது. ஒன்று கடற்கரைக் குப்பத்து மக்களின் நிலம் கைமாறப்போவதைப் பற்றியது. ஒன்று நெருக்கடி நிலைக் காலத்துக் குத்துச்சண்டை மேடையைப் பற்றியது. இவ்வளவு வேறுபட்ட படங்களுக்கு ஒரே சொற்கள் தடையில்லாமல் பொருந்துகின்றன என்றால், அந்தச் சொற்கள் எதையும் குறிப்பாகச் சொல்லவில்லை என்றே கொள்ள வேண்டும்.

ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியையும் அதை ஒட்டிய வட சென்னையையும் திரையில் காணும்போது, நம்மிடமுள்ள விமர்சனச் சொற்கள் எதைப் பார்க்க உதவுகின்றன, எதைப் பார்க்க விடாமல் செய்கின்றன என்பதே இக்கட்டுரையின் கேள்வி. தமிழில் திரைக் கலைச்சொற்கள் போதவில்லை, புதிதாக ஆக்கிக்கொள்ள வேண்டும் என்பது இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில். இங்கே முன்வைக்கப்படும் வாதம் அதுவன்று. குறை சொற்களின் எண்ணிக்கையில் இல்லை, விமர்சனம் அவற்றை எடுத்தாளும் வரிசையில் இருக்கிறது. நம் விமர்சனம் விவரிப்பதற்கு முன்பே மதிப்பிட்டுவிடுகிறது. வட சென்னைப் படங்களில் இந்த அவசரம் தரும் இழப்பு பெரிது. ஏனெனில் அந்தப் பகுதியைப் பற்றி நகரத்தின் பிற பகுதிகள் ஏற்கெனவே ஒரு மதிப்பீட்டை வைத்திருக்கின்றன. விமர்சனம் விவரிக்கத் தவறும் இடத்தில் அந்தப் பழைய மதிப்பீடே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

2. கைவசம் உள்ள சொற்கள்

தமிழ்த் திரை விமர்சனத்தின் சொற்கள் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை அல்ல. முதல் அடுக்கு கச்சேரி மேடையிலிருந்தும் நாடகக் கொட்டகையிலிருந்தும் வந்தது. 1930களில் ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற புனைபெயரில் கல்கி எழுதிய 'ஆடல் பாடல்' பகுதி இசையையும் நாடகத்தையும் பற்றி ரசிகர்களிடம் உரையாடும் ஒரு நடையை உருவாக்கியது. சினிமாவைப் பற்றிய எழுத்தும் அதே நடையின் நிழலில்தான் வளர்ந்தது. களைகட்டியது, எடுபட்டது, சோபிக்கவில்லை, சோடை போகவில்லை போன்ற சொற்கள் இன்றும் திரை விமர்சனத்தில் வாழ்கின்றன. இவை நிகழ்த்துகலைக்கு உரியவை. அந்த மாலையில் அரங்கம் எப்படி இருந்தது என்பதைச் சொல்பவை. சட்டகம், ஒளி, வெட்டு ஆகியவற்றைப் பற்றி இவற்றுக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் அடுக்கு சிறுகதை, நாவல் விமர்சனத்திலிருந்து வந்தது. கரு, பாத்திரப் படைப்பு, உத்தி, முரண், உச்சம், யதார்த்தவாதம் ஆகியவை இதில் அடங்கும். படத்தை ஒரு கதையாகப் பிரித்துப் படிக்க இவை பயன்படுகின்றன. மூன்றாவது அடுக்கு திரையரங்கிலிருந்தும் வணிகத்திலிருந்தும் வந்தது: முதல் பாதி, இரண்டாம் பாதி, விறுவிறுப்பு, தொய்வு, மாஸ், லாஜிக், பி அண்ட் சி சென்டர். விகடனின் மதிப்பெண் முறையையும் இந்த அடுக்கோடு சேர்த்து எண்ணலாம். '16 வயதினிலே' (1977) பெற்ற 62.5 மதிப்பெண் தலைமுறைகள் கடந்தும் பேசப்படுவது, மதிப்பீடு என்பது எண்ணாக மாறும்போது எவ்வளவு நீண்ட ஆயுள் பெறுகிறது என்பதற்குச் சான்று. அந்த எண் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதன் கூடவே எழுதப்பட்ட விமர்சனம் என்ன சொன்னது என்பது அநேகமாக யாருக்கும் நினைவில்லை. நான்காவது அடுக்கு 1980களுக்குப் பிறகு சிறுபத்திரிகைகள் கொண்டுவந்தது. தமிழவனின் 'ஸ்ட்ரக்சுரலிஸம்' (1982) வெளிவந்ததற்குப் பிந்தைய ஆண்டுகளில் பிரதி, குறியீடு, சொல்லாடல், கட்டுடைப்பு போன்ற சொற்கள் இலக்கியத்திலிருந்து சினிமாவுக்கும் பரவின. 'நிழல்', 'காட்சிப்பிழை' போன்ற இதழ்கள் சினிமாவை மட்டுமே எடுத்துக்கொண்டு விரிவாக எழுத இடம் தந்தன.

ஆக, சொற்களுக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் இந்த நான்கு அடுக்குகளிலும் யதார்த்தம் என்ற சொல்லுக்கு மட்டும் தனி அதிகாரம் வாய்த்திருக்கிறது. அதன் பின்னணியை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எக்கனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லியில் எழுதிய கட்டுரை நன்றாக விளக்குகிறது. பேசும் படம் வந்து எல்லாத் தரப்பு மக்களையும் ஒரே கொட்டகைக்குள் கொண்டுவந்தபோது, தமிழ்ப் பண்பாட்டு மேட்டுக்குடியினர் அதைக் கண்டு கலங்கினர். அடித்தட்டு ரசிகர்களின் ரசனையிலிருந்து தம்மைப் பிரித்துக்காட்டிக்கொள்ள யதார்த்தத்தையும் மேம்பாட்டையும் அளவுகோலாக்கினர் என்பது அவர் வாதத்தின் சாரம். இதை ஏற்றுக்கொண்டால் ஒரு விந்தை புலப்படும். உழைக்கும் மக்களின் ரசனையை ஒதுக்கி வைக்க உருவான ஒரு சொல், அதே மக்களைப் பற்றிய படங்களுக்குத் தரும் உயர்ந்த பாராட்டாக இன்று மாறியிருக்கிறது. திரையில் அவர்கள் மெய்யாகத் தெரிகிறார்களா என்று தீர்ப்பளிக்கும் இடத்தில், அந்த வாழ்க்கையைத் தூரத்திலிருந்து மட்டுமே அறிந்த பார்வையாளர் அமர்ந்திருக்கிறார். யதார்த்தம் என்று அவர் சொல்வது பல சமயம், தாம் முன்பே கற்பனை செய்து வைத்திருந்ததோடு படம் ஒத்துப்போகிறது என்பதை மட்டுமே குறிக்கிறது.

3. 'வட சென்னைப் படம்' என்னும் வகைமை

சென்னையின் ஏழை மக்கள் தமிழ்த் திரைக்கு அண்மையில் வந்தவர்கள் அல்லர். ஜெயகாந்தன் தம் கதையைத் தாமே இயக்கிய 'உன்னைப்போல் ஒருவன்' 1965இல் வந்தது. துரையின் 'பசி' (1979) குப்பை பொறுக்கும் பெண்ணின் கதை. அதில் நடித்த ஷோபாவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இவற்றுக்கு இணையாக இன்னொரு மரபும் இருந்தது. சோ, தேங்காய் சீனிவாசன், லூஸ் மோகன் முதலியோர் வழியாகச் சென்னைப் பேச்சு நகைச்சுவைக்கு உரியதாகத் திரையில் நிலைபெற்றது. இரக்கத்துக்கு ஒரு சென்னை, சிரிப்புக்கு ஒரு சென்னை என்று இரண்டு ஓடிக்கொண்டிருந்தன. 2000க்குப் பிறகு மூன்றாவதாக ஒன்று சேர்ந்தது: கத்தி எடுக்கும் சென்னை. 'புதுப்பேட்டை' (2006), 'பொல்லாதவன்' (2007), 'ஆரண்ய காண்டம்' (2011) ஆகியவை தம்மளவில் வெவ்வேறு நோக்கங்கள் கொண்ட படங்கள். விமர்சனமும் வணிகமும் சேர்ந்து, இத்தகைய படங்களிலிருந்து 'வட சென்னைப் படம்' என்ற பொதுப்பெயரை உருவாக்கின. புதுப்பேட்டை என்ற ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதுகூட அந்தப் பெயருக்குத் தடையாக இல்லை.

இப்படி ஒரு நிலப்பகுதி வகைமையாக மாறுவதற்கு முன்னுதாரணம் உண்டு. ராஜன் குறை கிருஷ்ணன், செல்வராஜ் வேலாயுதம் தொகுத்த 2008ஆம் ஆண்டு நூலில் எழுதிய கட்டுரையில், அரிவாள் ஏந்திய மனிதர்களின் 'தெற்கு' என்பது சினிமா கட்டமைத்த கற்பனை நிலவியல் என்று காட்டினார். அந்தத் தெற்கில் அரிவாளுக்கு இருந்த இடம் வடக்கே கத்திக்கு வந்தது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று இருக்கிறது. தெற்கைப் பற்றிய படங்களில் வயலும் ஆடும் சந்தையும் பெயரளவிலேனும் தென்படும். வட சென்னைப் படத்தில் அந்த நிலத்தை உருவாக்கிய தொழில் பெரும்பாலும் காணக் கிடைப்பதில்லை. 1948இல் நிறுவப்பட்ட அசோக் மோட்டார்ஸ் எண்ணூரிலும், 1955இல் நிறுவப்பட்ட என்ஃபீல்டு திருவொற்றியூரிலும் தொடங்கிய வாகன உற்பத்தி, 1969இல் இயங்கத் தொடங்கிய மணலி சுத்திகரிப்பு ஆலை, 1970இல் தொடங்கி 2017இல் மூடப்பட்ட எண்ணூர் அனல்மின் நிலையம், 2001இல் செயல்பாட்டுக்கு வந்த எண்ணூர்த் துறைமுகம் ஆகியவற்றால்தான் இந்தப் பகுதியின் குடியேற்றமும் தெருக்களும் சங்கங்களும் காற்றும் தண்ணீரும் இன்றுள்ள வடிவத்தைப் பெற்றன. ஷிப்டு முடிந்து கேட்டை விட்டு வெளியே வரும் தொழிலாளியோ, கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் எக்ஸ்பிரஸ் சாலையோ கதையை நகர்த்திய படங்கள் விரல்விட்டு எண்ணக்கூட இல்லை.

பெரம்பூர் பின்னி மில்லின் பிற்கால வாழ்க்கை இதற்குப் பொருத்தமான சான்று. அங்கிருந்த பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளின் தொழிலாளர்களை மையமாகக் கொண்டு 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியாவின் தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கப்பட்டது. இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று அது குறிப்பிடப்படுகிறது. 1990களில் ஆலை மூடப்பட்ட பிறகு அந்த வளாகம் படப்பிடிப்புத் தளமாயிற்று. தூசி படிந்த கொட்டகை, உடைந்த கண்ணாடிச் சாளரம், சரிந்து விழும் வெயில் ஆகியவை சண்டைக் காட்சிக்கு வாகாக அமைந்தன. தொழிற்சங்க இயக்கத்தின் ஒரு தொடக்கப்புள்ளி, அடியாட்கள் பறந்து விழும் பின்னணியாகத் திரையில் திரும்பத் திரும்ப வந்தது. இதைக் குறிப்பிட நம் விமர்சனத்திடம் இருந்த சொல் 'லொகேஷன்' அல்லது 'கலை இயக்கம்'. லொகேஷன் அருமை என்று எழுதியபோது, அந்த இடம் எதுவாக இருந்தது என்று கேட்கும் தேவையையும் அச்சொல் நீக்கிவிட்டது.

4. சுவர், கரை, மேடை

விவரிப்பு முன்னால் வந்தால் என்ன மாறும் என்பதை மூன்று படங்களிலும் ஒவ்வோர் இடத்தை எடுத்துக்கொண்டு பார்க்கலாம்.

பா. ரஞ்சித்தின் 'மெட்ராஸ்' படத்தில் வரும் சுவரைக் 'குறியீடு' என்று எழுதாத விமர்சனம் அரிது. அதிகாரத்தின் குறியீடு, சாவின் குறியீடு, சாதி அரசியலின் குறியீடு என்று விளக்கங்கள் நீண்டன. இவற்றில் எதுவும் தவறில்லை. ஆனால் அந்தச் சுவர் முதலில் ஒரு சுவர். அது எங்கே நிற்கிறது என்று பார்ப்பது பயன் தரும். அது அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுச்சுவர். அங்கே வாழ்பவர்கள் 'அவுசிங்போர்டு' என்று சொல்லும் இத்தகைய குடியிருப்புகளில் பெரும்பகுதி, 1970இல் அமைக்கப்பட்ட குடிசை மாற்று வாரியத்தின் வழி வந்தது. வீட்டுக்கு ஒதுக்கீடு உண்டு. வாசலுக்கும் மாடிப்படிக்கும் பக்கச் சுவருக்கும் அப்படி எதுவும் இல்லை. குடியிருப்பவருக்கும் சொந்தமில்லாத, அரசும் கவனிக்காத அந்த இடைப்பட்ட பரப்பில்தான் கட்சிகள் முகம் வரைகின்றன. நாயகன் காளியும் அவன் நண்பன் அன்பும் அந்தச் சுவரைக் கேட்பது உரிமைக் கேள்வி என்பதும், இறுதியில் அங்கிருந்த முகம் அழிக்கப்படுவது குடியிருப்பவர்கள் தம் இடத்தைக் கைக்கொள்ளும் செயல் என்பதும் இந்த விவரிப்பிலிருந்து தாமே கிளைக்கின்றன. குறியீடு என்ற சொல் முந்திக்கொண்டபோது சுவர் கருத்தாக மாறிக் காற்றில் மிதந்தது. சுவரின் சொந்தக்காரர் யார் என்ற கேள்வி எழவே இல்லை.

வெற்றிமாறனின் 'வட சென்னை' கரையோர மக்களை அப்புறப்படுத்தப்போகும் வளர்ச்சித் திட்டம் ஒன்றை மையத்தில் வைத்த படம். அதை எதிர்த்த ராஜனின் கொலையில் தொடங்கி, அதே எதிர்ப்பு இந்தப் படத்தின் நாயகன் அன்புவிடம் வந்து சேர்வதில் முதல் பாகம் முடிகிறது. விமர்சனங்களோ பெரும்பாலும் அதைக் 'கேங்ஸ்டர் படம்' என்றே வகைப்படுத்தின. காலத்தை முன்பின்னாக அடுக்கிய திரைக்கதையையும் துரோகங்களின் சங்கிலியையும் வியந்தன. படம் வெளியான சில நாள்களில் வேறொரு விமர்சனம் வந்தது. தம் வாழ்க்கை தவறாகக் காட்டப்பட்டிருப்பதாக மீனவர் தரப்பிலிருந்து எதிர்ப்பு எழுந்தது. படகில் நிகழும் நெருக்கமான காட்சியும் அதில் சுட்டிக்காட்டப்பட்டது. வெற்றிமாறன் வருத்தம் தெரிவித்தார். அந்தக் காட்சி நீக்கப்பட்டது. இந்த நிகழ்வு ஊடகங்களில் சர்ச்சை என்ற தலைப்பில் இடம்பெற்றதே தவிர, விமர்சனம் என்ற தலைப்பில் இடம்பெறவில்லை. நீக்கம் சரியா, தணிக்கைக்குப் பிறகும் ஒரு தரப்பின் மனவருத்தம் படத்தை வெட்டலாமா என்பவை தனியே விவாதிக்க வேண்டியவை. இங்கே கவனிக்க வேண்டியது வேறு. படகு என்பது கடலோரத்தில் தொழில் நடக்கும் இடம். பலருக்கு வழிபாட்டுக்கும் உரியது. திரையில் அது ஒதுக்குப்புறமான ஓர் அழகிய இடமாக மாறியதைத்தான் அந்த எதிர்ப்பு தொட்டது. யதார்த்தம் என்று பாராட்டியவர்கள் காணாத ஒன்றை, யதார்த்தத்துக்கு உரியவர்கள் கண்டார்கள்.

'சார்பட்டா பரம்பரை' இவ்வகையில் விதிவிலக்கு. அதன் நாயகன் கபிலன் துறைமுகத்தில் மூட்டை சுமப்பவன். ஷிப்டு எப்போது முடியும், சண்டைக்கு நேரத்தில் போய்ச் சேர முடியுமா என்ற தவிப்பே அவனை நமக்கு அறிமுகப்படுத்துகிறது. அம்மாவின் தடையால் கையுறை மாட்டாதவன், ஆனால் சிறுவயது முதல் மேடையோரம் நின்று பார்த்தே வளர்ந்தவன். டான்சிங் ரோஸுடன் அவன் மோதும் காட்சி கொண்டாடப்பட்டதற்கு, ரோஸாக நடித்த ஷபீரின் உடல்வித்தை மட்டும் காரணமில்லை. ரோஸ் கைகளைத் தாழ்த்திக்கொண்டு, இடுப்பை ஒடித்து, எதிராளியின் கண்ணை ஏமாற்றிக் கால்களால் சண்டை போடுகிறான். கபிலன் அதைப் படித்துக்கொண்டே அடி வாங்குகிறான். படித்து முடித்ததும் அடிக்கத் தொடங்குகிறான். பார்வையாளனாக அவன் பெற்ற பயிற்சி அங்கே ஆயுதமாகிறது. இந்தப் படத்தைப் பற்றிய பேச்சு மற்ற இரண்டைவிடத் துல்லியமாக அமைந்தது தற்செயல் அல்ல. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்று பரம்பரைகளாகப் பிரிந்து வளர்ந்த சென்னைக் குத்துச்சண்டையை அறிந்த முதியவர்கள் பேட்டி கொடுத்தார்கள். கால்வைப்பு, கார்டு, பஞ்ச், ரவுண்டு, நாக் அவுட், வாத்தியார் என்று அவர்களிடம் தொழில்நுட்பச் சொற்கள் தயாராக இருந்தன. ஒரு குத்து ஏன் விழுந்தது என்பதை அவர்களால் காரணத்தோடு சொல்ல முடிந்தது.

அந்தப் படம் எதிர்மறையாகவும் வாசிக்கப்பட்டது. ராயபுரம் தொகுதியின் முன்னாள் சட்டமன்ற உறுப்பினரான டி. ஜெயக்குமார், விளையாட்டுக்கு எம்.ஜி.ஆர். ஆற்றிய பங்கைப் படம் மறைப்பதாகவும் தி.மு.க.வின் பிரசாரமாக அமைந்திருப்பதாகவும் கண்டித்தார். கட்சி நலன் சார்ந்த வாசிப்பு அது. ஆனாலும் அதில் ஒரு முறை இருக்கிறது: படம் எதைக் காட்டுகிறது, எதை விடுகிறது என்று பட்டியலிட்ட பிறகே அது தீர்ப்புக்குப் போகிறது. உடன்படாதவர்களும் அதே பட்டியலை வைத்துக்கொண்டு மறுக்கலாம். 'படம் யதார்த்தமாக இருக்கிறது' என்ற கூற்றை அப்படி மறுக்க வழியே இல்லை. பேச்சு அதோடு முடிந்துவிடுகிறது.

5. விவரிப்பின் வரிசை

வட சென்னையில் நுட்பமாக மதிப்பிடும் மொழி ஏற்கெனவே இருக்கிறது என்பதைக் குத்துச்சண்டை காட்டுகிறது. கேரமும் அப்படியே. 'வட சென்னை'யின் அன்பு கேரம் ஆட்டக்காரன். சிறைக்குள் அவன் உயர்வதும் அந்தப் பலகையின் வழியாகத்தான். ரெட்டைப் போட்டவன் ஃபாலோவையும் போட வேண்டும், இல்லாவிட்டால் ரெட் பலகைக்குத் திரும்பிவிடும் என்ற விதி தெரிந்தவருக்கு, ஒரு கொலையின் பலனைத் தக்கவைக்க அடுத்த கொலையைத் தேடும் அந்தக் கதையின் ஒழுங்கு உடனே பிடிபடும். கானாவுக்கும் தனி மதிப்பீடு உண்டு. சாவு வீட்டில் இரவு முழுக்கப் பாடப்படும் மரண கானாவில் செத்தவரின் பெயரும் தெருவும் உறவும் பாட்டுக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் பாடியவர் தேறமாட்டார். 'மெட்ராஸ்' படத்தில் கானா பாலா குரலில் வரும் இறுதிச்சடங்குப் பாடல் இந்த மரபிலிருந்து வந்தது. அதைக் குத்துப்பாட்டு என்ற பொதுச்சொல்லில் அடக்கியவர்கள், பாட்டின் வேலை என்ன என்று கேட்காமல் அதன் வேகத்தை மட்டும் அளந்தார்கள்.

விமர்சனத்துக்கு இதிலிருந்து ஒரு வரிசை கிடைக்கிறது. அந்த வரிசைக்குத் தமிழ்ப் பொருளிலக்கணத்தில் பழைய முன்மாதிரி ஒன்றும் இருக்கிறது. தொல்காப்பியம் பாட்டின் உலகை முதல், கரு, உரி என்று மூன்றாக வகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவை கருப்பொருள். மனிதரின் ஒழுக்கமும் உணர்வும் உரிப்பொருள். பாட்டில் உரிப்பொருளே தலையாயது என்பது மரபு. ஆயினும் அதை விளங்கிக்கொள்ள நிலத்தையும் அந்நிலத்தின் உணவையும் தொழிலையும் இசையையும் அறிந்திருக்க வேண்டும். இன்றைய திரை விமர்சனம் உரிப்பொருளில் நேராக இறங்குகிறது. பாசம், துரோகம், பழிவாங்கல், காதல் ஆகியவற்றைப் பேசிவிட்டுக் கதைக்களம் என்ற ஒற்றைச் சொல்லால் மற்ற எல்லாவற்றையும் கடந்துபோகிறது. தொழிலும் பறையும் கருப்பொருளாக எண்ணப்பட்ட ஒரு மொழியில், ஒரு படத்தில் யார் என்ன வேலை செய்கிறார்கள், என்ன மேளம் ஒலிக்கிறது என்பவை மதிப்புரைக்கு வெளியே நிற்பது விந்தைதான்.

இந்தச் சட்டகத்தை அப்படியே தூக்கிவர முடியாது என்பதும் உண்மை. திணைமரபு நிலத்தையும் மக்களையும் இயற்கையாகப் பிணைக்கிறது. மீனவர் கடலுக்கே பிறந்தவர் என்பது போன்ற எண்ணத்துக்கு அது இடம் தரக்கூடும். சாதி அடிப்படையில் மனிதரை இடத்தோடு கட்டிப்போடும் சமூகத்தில் அது ஆபத்தான வசதி. எனவே அதை விடையாகக் கொள்ளாமல் கேள்விப் பட்டியலாக மட்டுமே கொள்ள வேண்டும். அப்படிக் கொண்டால், கருப்பொருள் மாறிவிட்ட நிலத்தையும் அது காட்டிக்கொடுக்கும். கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்தில் இறாலோடும் நண்டோடும் இன்று அனல்மின் நிலையச் சாம்பலும் சேர்ந்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக் கடலில் எண்ணெய் பரவியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய்க் கழிவு முகத்துவாரத்துக்கு வந்தது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு கடலடிக் குழாயிலிருந்து கசிந்த அம்மோனியாவால் பெரியகுப்பம் மக்கள் மூச்சுத்திணறி வீட்டை விட்டு ஓடினர். இந்த நிலத்தை நெய்தல் என்று சொல்லி நிறுத்துவது பொய்யாகும். நெய்தலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பது ஆய்வாகும். டி.எம். கிருஷ்ணா பாடி 2017 ஜனவரியில் வெளிவந்த 'சென்னை பொறம்போக்கு பாடல்' காணொளி அப்படிக் கேட்டது. கபேர் வாசுகி சென்னைப் பேச்சுவழக்கில் எழுதிய வரிகள் கர்நாடக இசை ராகங்களில் அமைந்தன. ரதீந்திரன் பிரசாத் அதை எண்ணூர்க் கழிமுகத்திலேயே படமாக்கினார். அந்தச் சில நிமிடங்களில் தெரியும் எண்ணூரைப் பெரும்படங்களில் தேடினாலும் கிடைக்காது.

6. மறுப்புகள்

இந்த வாதத்துக்கு எதிராக மூன்று மறுப்புகள் எழலாம். முதலாவது: கதைப்படம் ஆவணப்படம் அல்ல, தொழிற்சாலையைக் காட்டு, கழிமுகத்தைக் காட்டு என்று கேட்பது கலையிடம் சமூகவியலைக் கோருவதாகும். வலுவான மறுப்புதான். ஆனால் விவரிப்பைக் கோருவது விமர்சகரிடம், இயக்குநரிடம் அல்ல. படம் எதைத் தேர்ந்தது என்று சொல்வதற்கு, எவற்றிலிருந்து தேர்ந்தது என்றும் தெரிந்திருக்க வேண்டும். மேலும் மேற்சொன்ன மூன்று படங்களும் இடத்தையும் உழைப்பையும் தாமே கதைக்குள் கொண்டுவந்தவை. கரையோர நிலத்தை மையமாக்கிய படத்திடம் நிலத்தைப் பற்றிக் கேட்பது வெளியிலிருந்து திணித்த கேள்வி ஆகாது. 'ஆரண்ய காண்டம்' போலத் தன் உலகைத் திட்டமிட்டு மிகைப்படுத்தும் படத்தையும் இதே வரிசை நியாயமாகவே நடத்தும். எங்கே மெய்யான இடம் முடிந்து கற்பனை இடம் தொடங்குகிறது என்று விவரித்தால்தான் அந்தக் கற்பனையின் துணிச்சல் விளங்கும்.

இரண்டாவது: இது இன்னொரு கலைச்சொல் மோகம், 1990களில் கோட்பாட்டுச் சொற்கள் வாசகர்களை விரட்டியது போதாதா? அந்த அனுபவத்தில் பாடம் இருக்கிறது. பிரதி, கட்டுடைப்பு போன்ற சொற்கள் தம்மளவில் பிழையானவை அல்ல. காட்சியை விவரிக்காமலேயே அவற்றைப் பயன்படுத்த முடிந்ததுதான் சிக்கல். யதார்த்தம் என்ற எளிய சொல்லிலும் அதே சிக்கல் இருப்பதைப் பார்த்தோம். எனவே கடினச் சொல்லா எளிய சொல்லா என்ற விவாதம் பயனற்றது. இங்கே கேட்கப்படுபவை ஷிப்டு, ஒதுக்கீடு, விசைப்படகு, ஏலம், ஃபாலோ, கார்டு போன்றவை. தெருவில் ஏற்கெனவே புழங்குபவை. அகராதி தயாரித்து இவற்றை இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. காட்சியில் என்ன நடக்கிறதோ அதற்கு அங்கிருப்பவர்கள் என்ன பெயர் சொல்கிறார்களோ அதைக் கேட்டு எழுதினால் போதும்.

மூன்றாவது மறுப்பு நடைமுறை சார்ந்தது. வார இதழின் ஒரு பக்கத்திலும் யூடியூப்பின் பத்து நிமிடத்திலும் படத்துக்குப் போகலாமா வேண்டாமா என்று சொல்லத்தான் இடம் இருக்கிறது. ஆனால் இடமின்மை விவரிப்புக்கு எதிரான வாதம் ஆகாது. 'யதார்த்தமான கதைக்களத்தில் உணர்வுபூர்வமாகச் செதுக்கப்பட்ட பாத்திரங்கள்' என்ற வாக்கியமும், 'மூட்டை சுமந்து ஷிப்டு முடிந்ததும் மேடைக்கு ஓடும் இளைஞன்' என்ற வாக்கியமும் ஏறத்தாழ ஒரே இடத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. இரண்டாவதைப் படித்தவர் படத்துக்குப் போகலாமா என்பதைத் தாமே முடிவு செய்வார். முதலாவதைப் படித்தவர் விமர்சகரை நம்ப வேண்டும், அல்லது நம்பாமல் விட வேண்டும்; வேறு வழியில்லை.

7. முடிவாக

யதார்த்தம் என்ற சொல்லைக் கைவிட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கோரிக்கை அல்ல. அது விமர்சனத்தின் முதல் வாக்கியத்தில் இருக்கக் கூடாது, அவ்வளவே. முதலில் இடம்: அது யாருடையது, யார் கையில் இருக்கிறது. அடுத்து வேலை: யார் எதைச் செய்து பிழைக்கிறார்கள், அது திரையில் தெரிகிறதா. பிறகு ஒலி: யார் யாரிடம் எந்தப் பேச்சில் பேசுகிறார்கள், பாட்டு என்ன வேலை செய்கிறது. பிறகு விடுபட்டவை. இவ்வளவையும் எழுதிய பிறகும் ஒருவருக்கு யதார்த்தம் என்று சொல்லத் தோன்றினால், அதைத் தாங்கி நிற்கச் சான்றுகள் இருக்கும். மறுப்பவருக்கும் மறுக்க ஏதாவது கிடைக்கும். இந்த வரிசை வட சென்னைக்கு மட்டும் உரியதன்று. கொங்கு நாட்டைப் பற்றிய நாவலுக்கும் ஈழத்துக் குறும்படத்துக்கும் இது பொருந்தும். ஆனால் வட சென்னையில் அது உடனடித் தேவையாகிறது. அங்கே 'ரவுடி' என்பதும் 'அசல் மனிதர்கள்' என்பதும் ஒரே தூரத்திலிருந்து சொல்லப்படும் சொற்கள்; இரண்டில் எதைச் சொன்னாலும் பேசுபவர் தம் இருக்கையை விட்டு எழ வேண்டியதில்லை. விவரிக்கத் தொடங்கும் விமர்சகர் எழுந்தாக வேண்டும். ஒரு வேலையின் பெயரையும் ஒரு சுவரின் உரிமையையும் தெரிந்துகொள்ள அவர் யாரிடமாவது கேட்க வேண்டியிருக்கும். அப்படிக் கேட்டு எழுதப்படும் மதிப்புரைகள் பெருகும்போது, தொழிலே இல்லாத ஒரு துறைமுகத்தைத் திரையில் காட்டும் இயக்குநர் அதற்குக் காரணம் சொல்ல வேண்டிய நிலை உருவாகும்.